முன்னறைக்குத் தரை போட்டது

பெப்ரவரி 3, திங்கள்

இந்த டயறி பொங்கலுக்குக் காப்புறுதிக்காரர் தந்தது. முதல் பக்கத்தில் அவர் படம், எல்லாப் பல்லும் தெரிய. இன்றுவரை கடைச் சாமான் எழுதக்கூட இதைத் திறக்கவில்லை. இப்போது எழுதுவது ஆரூரன் சொல்லித்தான். கல்கரியில் இருந்துகொண்டு போனில் எனக்குப் புத்தி சொல்கிறான்: "அம்மா, ஒவ்வொரு நாளும் என்ன செய்தனீங்கள் எண்டு எழுதி வையுங்கோ. பிழைச்சால் எந்த இடத்தில பிழைச்சது எண்டு கண்டுபிடிக்கலாம்." பிழைக்கும் என்று முதலே முடிவு கட்டிவிட்டான். தகப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

விஷயம் இதுதான். நவம்பரில் பக்கவாதம் வந்து விழுந்த என் மனுசன் குகதாசன் இன்னும் ஆஸ்பத்திரியில். இடது கையும் காலும் சரியாக வழங்கவில்லை. பேச்சு கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் விளங்கும். இன்று அங்கிருந்து ஒரு தெரப்பிஸ்ட் பெண் வந்து வீட்டை அளந்து பார்த்தாள். அவரால் மாடிப்படி ஏற முடியாது, அதனால் முன்னறைதான் இனி அவருடைய படுக்கையறை. அங்கே கிடக்கும் கார்பெட்டைக் கண்டதும் தலையை ஆட்டினாள். அவர் பிடித்து நடக்கிற வோக்கரின் சில்லு புதையும், இழுபடும் கால் தடக்கும், விழுந்தால் இடுப்பு முறியும் என்றாள். கார்பெட் போய் நல்ல மரத்தரை வந்தால் ஆள் வீட்டுக்கு. இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லம். ஆஸ்பத்திரிக் கட்டிலை மார்ச் நடுவுக்குள் விட வேண்டுமாம், அதற்குள் நான் முடிவு சொல்ல வேண்டுமாம்.

தரை போடுகிற ஆட்கள் எல்லோரும் ஏப்ரலுக்குப் பிறகுதான் வருவோம் என்கிறார்கள். "நானே போடுறன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போது இருந்து யோசிக்கிறேன்.

பெப்ரவரி 5, புதன்

கார்பெட்டைக் கழற்றினேன். மூலையில் குறட்டால் பிடித்து இழுக்க டர்ர்ர் என்று வந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப் போய்விட்டது. கத்தியால் பட்டி பட்டியாக வெட்டிச் சுருட்டி, குப்பை ஏற்றுகிற நாளுக்கு வெளியே வைத்தேன். அடியில் பிளைவுட் பலகை. அதன்மேல் இத்தனை வருசத்துத் தூசு, சிந்தின தேத்தண்ணிக் கறை, எண்ணி முடியாத கம்பி ஆணி. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முழங்கால் இரண்டும் விண் விண் என்று வலிக்கிறது.

வானொலியைச் சத்தமாகப் போட்டேன். பாணும் கட்டைச்சம்பலும் நின்றுகொண்டே சாப்பிட்டேன். சம்பலுக்கு உப்புக் கூட. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

நல்ல நித்திரை. எட்டு மணிக்குத்தான் எழும்பினேன். இதை எழுதியிருக்கத் தேவையில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

கராஜிலிருந்து பலகைப் பெட்டிகளை வீட்டுக்குள் இழுத்து வந்தேன். ஓக் மரம். இரண்டு கோடைக்கு முன் ஒரு கடை மூடும்போது அவர் அள்ளிக்கொண்டு வந்து படங்குபோட்டு மூடி வைத்தது. எதையும் தேவைக்கு மேலே வாங்குவார், பிறகு தொடமாட்டார். மற்றவரையும் தொட விடமாட்டார். ஒருநாள் நான் ஒரு பெட்டியைத் தள்ளிவைக்கப் போக, "விடு விடு, உன்ர கை பட்டால் உருப்படாது" என்றார். சமையலிலும் அதுதான், கார்க்கதவைச் சாத்துவதிலும் அதுதான். முப்பத்தொரு வருசம் கேட்ட பாட்டு.

இப்போது அந்தப் பெட்டிகளை என் கைதான் திறந்தது. குளிரில் கிடந்த பலகை வீட்டுச் சூட்டுக்குப் பழக வேண்டும், அதற்கு முன் அடிக்கக் கூடாது என்கிறான் ஆரூரன். நல்லது, பழகட்டும்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெடுஞ்சாலையால் போனேன். அவர் விழுவதற்கு முன் ஒருநாளும் என்னை நெடுஞ்சாலையில் கார் ஓட விட்டதில்லை. அவரிடம் எந்தப் பாதையால் வந்தேன் என்று சொல்லவில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

சறோ மச்சாள் வந்தா. அவருடைய தமக்கை. மணி அடிக்காமல் கதவைத் திறந்து வருகிற ஒரே ஆள். வந்து பிளைவுட்டைப் பார்த்ததும் மூக்கைப் பொத்தினா.

"எடியே தவம், இது என்னடி ஊத்தை! இதுக்கு மேல பலகையை அடிச்சு மூடப் போறியோ? நாளைக்கு என்ர தம்பி படுக்கிற இடமெல்லே. மஞ்சள் தண்ணி விட்டு வடிவாக் கழுவு."

"பிளைவுட்டுக்குத் தண்ணி ஆகாதாம் மச்சாள். ஆரூரன் படிச்சுப் படிச்சுச் சொன்னவன்."

"அவன் கல்கரியில இருந்து ஆயிரம் சொல்லுவான். வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீடு கழுவாமல் ஆர் நல்ல காரியம் தொடங்கினது?"

மஞ்சள் கரைத்து, மாவிலை கிடைக்காததால் வெற்றிலையால் தொட்டு, நாலு மூலைக்கும் தெளித்தா. ஒரு செம்புத் தண்ணீர்தான். பிறகு கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கூப்பிட்டா, தேத்தண்ணி குடித்தா, போய்விட்டா.

தெளித்த இடத்தில் ஊத்தை இன்னும் கூடத் தெரிந்தது. அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. மூன்று வாளி ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்தேன். ஊரில் சீமெந்துத் தரை, கழுவினால் தண்ணீர் வாசலால் ஓடிவிடும். இங்கே ஓட வழியில்லை. துணியால் ஒற்றி எடுத்தேன். மிச்சத்தைப் பலகை குடித்துவிட்டது.

பெப்ரவரி 15, சனி

காலையில் தொட்டுப் பார்த்தேன். கைக்குக் காய்ந்துதான் இருந்தது. விரிப்புக் கடதாசியை விரித்துத் தொடங்கிவிட்டேன்.

நீளச் சுவரோரம் நூல் பிடித்து முதல் வரிசை. சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட வேண்டும், மரம் கோடையில் பருக்குமாம். ஆணி அடிக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்தேன். கடைக்காரப் பெடியன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றான். "எனக்குத்தான், வேறு யாருக்கு?" என்றேன். பலகையின் ஓரத்தில் அதை வைத்து ரப்பர்ச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டால் ஆணி சரிவாக உள்ளே போகிறது. முதல் அடி பலகையைப் பிளந்துவிட்டது. இரண்டாவது அரைகுறை. பிறகு கைக்குப் பிடிபட்டது. ஒரு அடி, ஒரு மூச்சு. அடிக்கும்போது என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. தனியாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பெப்ரவரி 18, செவ்வாய்

ஆஸ்பத்திரி. போனில் படம் காட்டினேன். வலது கையால் பிடித்து, விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். சரி, தொடங்கப் போகிறது என்று நினைத்தேன்.

"மூண்டாவது வரிசையில ரெண்டு பலகை மூட்டு கிட்டக் கிட்ட வருது."

"தெரியும்."

"கழட்டிப் போட்டு அடி."

"அது கட்டிலுக்குக் கீழதான் வரும், ஆருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமெல்லே." பிறகு போனைத் திருப்பித் தந்து, மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவசரப்படாத தவம். ஆறுதலாச் செய்."

இந்த மனுசன் வாயால் ஆறுதல் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்க முன்னமே தேத்தண்ணி எங்கே என்று கேட்கிற ஆள். மருந்தின் வேலையாக இருக்கும்.

பெப்ரவரி 20, வியாழன்

கடைசி வரிசைக்கு மெஷின் போகாது. கையால் அடித்து முடித்தேன். முழு அறையும் பளபளவென்று கிடக்கிறது. நடந்து பார்த்தேன், ஓரத்தில் இருந்து பார்த்தேன், படுத்தும் பார்த்தேன். நான் செய்தது. உண்ணாணை, என் கைதான் செய்தது.

ஆஸ்பத்திரி சோசல் வேர்க்கர் டெனிஸ் போன் எடுத்தாள். எப்போது அனுப்பலாம் என்றாள். இன்னும் சில்லறை வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்றாள். சுவரோரப் பட்டி என்றேன். அது ஒரு மத்தியான வேலை. அதை அவளுக்குச் சொல்லவில்லை.

பெப்ரவரி 21, வெள்ளி

வேலை ஓடவில்லை. மேலே போனேன், கீழே வந்தேன். குளிர்ப்பெட்டியைத் திறந்தேன், மூடினேன். என்ன கோதாரிக்கு இப்படி ஓடித் திரிகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

பலகை தூக்கிவிட்டது.

காலையில் காலுறையோடு முன்னறைக்குள் போனேன், பாதத்தில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு பலகையின் இரண்டு ஓரமும் மேலே எழும்பி, நடு பள்ளமாகிக் கிடக்கிறது. நடு அறையில் ஒரு இடம் கூடாரம் போலவே கிளம்பிவிட்டது. கீழே இருந்த ஈரம் மேலே ஏறியிருக்கிறது. இதில் வோக்கர் ஓடாது.

நான் அழுதிருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், பிறகு பயந்துபோனேன்.

ஆரூரனுக்குப் படம் அனுப்பினேன். உடனே வீடியோவில் எடுத்தான். "தண்ணி பட்டதோ அம்மா?"

"உங்கட சறோ மாமி மஞ்சள் தண்ணி தெளிச்சவ."

"எவ்வளவு?"

"ஒரு செம்பு."

"ஒரு செம்புக்கு இப்பிடித் தூக்காதே!" என்று தலையைச் சொறிந்தான். மரம் மலிவு மரமாக்கும் என்றேன். நான் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. மச்சாள் தெளித்தது ஒரு செம்புதான்.

பெப்ரவரி 24, திங்கள்

டெனிஸிடம் சொன்னேன். பாவம், அவள் எனக்காகக் கவலைப்பட்டாள். ஆனால் மார்ச் நடுவைத் தாண்ட வழியில்லை என்றாள். "வீடு இயலாதென்றால் அது குற்றமில்லை. இல்லத்துக்குப் படிவம் போடுவோம். நல்ல இடங்கள் இருக்கின்றன." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் குரல் அவ்வளவு சாதுவாக வந்தது எனக்கே பிடிக்கவில்லை.

பெப்ரவரி 25, செவ்வாய்

மச்சாள் வந்து நின்றா. ஆரூரன் போனில் சொல்லியிருக்கிறான். கண் சிவந்திருந்தது. ஒரு கதையும் இல்லாமல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஆடுகிற முழங்காலோடு தரையில் குந்தி, பலகையைக் கிளப்பத் தொடங்கினா.

"மச்சாள், எழும்புங்கோ. உங்களுக்கு ஏலாது."

"என்னாலதானே தவம். விசரி, சும்மா கிடந்ததுக்குத் தண்ணியைத் தெளிச்சு என்ர தம்பியின்ர வழியில நானே மண்ணைப் போட்டன். நேற்று முழுக்கச் சாப்பிடேல்லை நான்."

கம்பியை நெம்பி நெம்பி அழுதா. எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"நீங்கள் இல்லை மச்சாள். நீங்கள் போனாப்பிறகு நான் மூண்டு வாளி ஊத்தினனான்."

நிமிர்ந்து பார்த்தா. "ஏனடி?"

"ஊத்தை எண்டு."

"ஆரூரன் வேண்டாமெண்டு சொன்னவனெண்டு நீதானே எனக்குச் சொன்னாய்?"

ஆணி பிடுங்கிக்கொண்டே இருந்தேன். பிறகு வாய் தானாகத் திறந்தது. "எனக்கு அவர் வாறது பயம் மச்சாள். இந்த மூண்டு மாசம்தான் நான் மூச்சு விட்டது. இனி இருபத்திநாலு மணித்தியாலமும் இந்த அறைக்குள்ள இருந்து, சோறு குழைஞ்சு போச்சு, தலகணி சரியில்லை, நீ ஒண்டுக்கும் உதவாதவள் எண்டு… வீட்டை விட்டு வெளியிலயும் போகாத ஆளை எப்பிடித் தாங்குறது?"

அடிப்பா என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"அவன்ர வாய் எனக்குத் தெரியாதே? எங்கட ஐயாவின்ர வாய். அம்மா பட்ட பாட்டையும் நான் பார்த்தனான், நீ பட்டதையும் பார்த்தனான். பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தனான்." கம்பியைத் திரும்பக் கையில் எடுத்தா. "ஆனால் என்ர தம்பியடி தவம். அந்த இல்லத்தில ஆர் அவனுக்கு ஒரு பிடி சோறு குழைச்சுக் குடுக்கிறது?"

பொழுதுபட முன் பாதி அறையைக் கிளப்பிவிட்டோம்.

பெப்ரவரி 28, வெள்ளி

மிச்சப் பாதியையும் கிளப்பிவிட்டேன், மின்விசிறி ஓடுகிறது. ஈரம் பார்க்கிற கருவி ஒன்று வாங்கினேன். பிளைவுட்டில் குத்தினால் எண் காட்டும். காலையும் மாலையும் குத்துகிறேன். எண் இறங்குகிறது. இறங்க இறங்க எனக்குப் பயம் ஏறுகிறது.

மச்சாள் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை என்று வந்தா. வாசலில் நின்று சுவாமியைக் கும்பிட்டா. தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

காய்ந்துவிட்டது. இனிச் சாட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. ஓரம் வளைந்த பலகைகளை ஒதுக்கினேன். மிச்சப் பெட்டிகள் இருந்தபடியால் பலகைக்குக் குறைவில்லை. மறுபடி முதல் வரிசையிலிருந்து.

மார்ச் 4, செவ்வாய்

மூட்டுகள் கிட்டக் கிட்ட வராமல் பார்த்துப் பார்த்து அடிக்கிறேன். கட்டிலுக்குக் கீழே வருகிற இடத்திலும்.

மார்ச் 6, வியாழன்

முடிந்தது. சுவரோரப் பட்டியும் அடித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டார்கள், கைப்பிடிக் கம்பியோடு.

டெனிஸ் சொன்னாள்: "சனிக்கிழமை ஒரு பகலுக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள். பிறகு இரண்டு பேருமாகச் சொல்லுங்கள், வீடா இல்லமா என்று." சரி என்றேன். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நேரம் அந்த மனுசன் பாவம் என்று தோன்றுகிறது. மறு நேரம் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போல இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

மூன்று கறி வைத்தேன். ஒன்றும் பிடிக்கவில்லை. கத்தரிக்காயைக் கொட்டிவிட்டுத் திரும்ப வைத்தேன்.

மார்ச் 8, சனி

சக்கர நாற்காலி ஏற்றுகிற டாக்சியில் வந்தார். வாசற்படியில் டிரைவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும். உள்ளே வந்ததும் வோக்கரைப் பிடித்து நின்றார். குளிர்கோட்டுக்குள் ஆள் பாதியாகிவிட்டார். கோட்டுக் கொலர் கழுத்தில் தொடவே இல்லை.

முன்னறையை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்தார். சில்லு வழுக்கிக்கொண்டு போயிற்று, இடது கால் இழுபட்டாலும் எங்கேயும் தடக்கவில்லை. கதிரையில் இருத்தினேன். குனிந்து, நல்ல கையால் பலகையைத் தடவினார். விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார்.

"ஈரம் கிடக்கு" என்றார்.

"இல்லை. கருவி வச்சுப் பார்த்தனான்."

"உந்தக் கருவியெல்லாம் பேய்க்கதை. நான் சொல்லுறன், இதுக்குள்ள இன்னும் ஈரம் கிடக்கு. ரெண்டு கிழமை விடு. தூக்கினாலும் தூக்கும்."

"ரெண்டு கிழமை விட்டால் அவங்கள் இல்லத்துக்கு அனுப்பிப் போடுவாங்கள்."

"அனுப்பட்டும். தரை பிழைச்சால் என்ன செய்யிறது?"

கோபம் உச்சிக்கு ஏறியது. முழங்கால் தேய்ந்து, நகம் பெயர்ந்து, இரண்டு தரம் போட்ட தரை. வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்க்கவே இல்லை. ஜன்னலோரத்துக் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கைப்பிடிக் கம்பியை. ஈரம் என்கிறார், தரை என்கிறார், இன்னும் கொஞ்ச நாள் என்கிறார். டெனிஸுக்கு நான் சொன்னதெல்லாம் அட்சரம் பிசகாமல் அவர் வாயிலிருந்து வருகிறது.

பக்கத்தில் தரையிலேயே இருந்தேன்.

"இஞ்சேருங்கோ. தரையில ஒரு பிழையும் இல்லை. என்ன, வீட்டுக்கு வரப் பயமோ?"

இடது பக்க உதடு துடித்தது.

"அங்க எண்டால் நேர்ஸ் குளிப்பாட்டும். அதுக்குச் சம்பளம் குடுக்கினம்" என்றார். "இஞ்ச ஆர்?"

"காலமை உதவிக்கு ஒரு ஆள் வரும். மற்ற நேரம் நான்தான். வேற ஆர்?"

"உனக்கு என்னில கோவம்."

"ஓம், கோவம்தான். முப்பத்தொரு வருசக் கோவம். கோவத்தோடயும் குளிப்பாட்டலாம்."

என்னைப் பார்த்தார். கண்ணால் தண்ணீர் வழிந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு சும்மாவே அழுகை வரும் என்று டொக்டர் சொன்னவர், இது அதுவா என்று எனக்குத் தெரியாது. நானும் அழுதேன். எனக்குப் பக்கவாதம் இல்லை.

"எனக்கும் நீங்கள் வாறது பயம்தான்" என்றேன். "உங்களுக்குச் சொல்லாமல் என்ர பாட்டில இந்த வேலையை இழுத்தடிச்சனான். இப்ப சொல்லிப்போட்டன். வாறதெண்டால் வாங்கோ. ஆனால் என்ர கையைக் குறை சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க மாட்டன். அந்தக் காலம் போச்சு."

"சொன்னால்?"

"சொன்னால் மச்சாளைக் கூப்பிட்டு உங்களைக் குளிப்பாட்டச் சொல்லுவன்."

"ஐயோ" என்றார். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வருகிறது இப்போது.

சாப்பிட்டார். கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது, எனக்கே தெரிந்தது. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பின்னேரம் டாக்சி வந்தது. வோக்கரைப் பிடித்து வாசலுக்குத் திரும்பி நடந்தார், நான் பின்னால். கதவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பலகை கிறீச்சிட்டது. நின்றார். குனிந்து பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"சொல்லுங்கோ" என்றேன்.

"ஒண்டுமில்லை."

"பரவாயில்லை, சொல்லுங்கோ."

"ஒண்டுமில்லையெண்டு சொல்லுறனெல்லே!" என்று சத்தம் போட்டுவிட்டு, வோக்கரைத் தூக்கி அந்தப் பலகைக்கு அப்பால் வைத்து நடந்தார்.

டாக்சி போன பிறகு டெனிஸுக்குப் போன் எடுத்தேன். சனிக்கிழமை, ஆள் இல்லை. போனின் பதிவு மெஷினில் சொன்னேன்: தரை முடிந்துவிட்டது, புதன்கிழமை அனுப்புங்கள். சொல்லிவிட்டேன். கிறீச்சிடுகிற பலகையில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டு வைத்திருக்கிறேன், நாளைக்கு அதற்கு ஒரு ஆணி அடிக்க வேண்டும்.